மஞ்சள் தகட்டில் ஆறு எழுத்து

சாப்பாட்டு மணி அடித்ததும் கம்பெனியின் பிரஸ் ஷாப் காலியானது. நான் தகரம் அழுத்தும் மூன்றாம் பிரஸ்ஸுக்கு முன்னால் குந்தி, அதன்மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயைத் தூக்கினேன்.

மூன்று மணிக்கு லாரி வரும். எந்திரம் பழைய இரும்புக்குப் போகிறது.

சட்டைப் பையில் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக்கட்டு இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். முன்பக்கம் ஒரு ஜப்பானிய எழுத்து. பின்பக்கம் அதன் பொருள், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கதை.

கதை என் மகளின் யோசனை. வெறுமனே உருப்போட்டால் மறுநாள் நிற்காது, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு காட்சியாக்கிக்கொள்ள வேண்டும் என்றாள். மனிதன் மரத்தில் சாய்ந்திருந்தால் ஓய்வு. மலை முனையில் ஒருவன் நிற்க, கீழே இன்னொருவன் சுருண்டு கிடந்தால் அபாயம்.

ஐம்பது வயதில் இந்தப் பாடு எதற்கு என்று என் மனைவி கேட்டாள். ஜப்பானில் இரண்டாவதாகப் பெண் பார்த்திருக்கிறாராம் என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். கம்பெனியில், என்னைப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. நான் மறுக்கவில்லை.

மகளுக்குத்தான் ஒன்று பிடிபடவில்லை. எல்லோரும் ஒன்று, இரண்டு, சூரியன், சந்திரன் என்று தொடங்குவார்கள். நான் அபாயம், கை, நிறுத்து, தொடாதே என்று தொடங்கினேன். அவள்தான் விடாப்பிடியாக எளிய எழுத்துகளையும் கட்டில் சேர்த்தாள்.

அவளிடம் காரணம் சொல்லவில்லை.

மூன்றாம் பிரஸ்ஸில் வேலை பார்த்தவனை நாங்கள் விசில் என்றுதான் கூப்பிடுவோம். தகரத்தை வைத்து, பெடலை மிதித்து அச்சை இறக்கி, எடுத்து, மறுபடி வைத்து, நாள் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே செய்வான். ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில், மேலே போன அச்சு நிற்காமல் இன்னொரு தடவை இறங்கியது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

பெடலை மிதிக்கவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னான்.

ஃபோர்மேன் என்ற முறையில் விபத்து அறிக்கையை நான்தான் எழுதினேன். ஜப்பானிலிருந்து வந்த அந்த எந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் தகடு உண்டு. அதில் சிவப்பில் ஆறு ஜப்பானிய எழுத்துகள். மஞ்சளில் சிவப்பு என்றால் எச்சரிக்கைதானே. எச்சரிக்கைத் தகடு இருந்தும் ஆபரேட்டர் கவனிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

விசில் மட்டும் கேட்டான். வேலையை விட்டுப் போன அன்று, கேட் வரை அவனோடு நடந்தேன்.

"அந்தத் தகட்டுல என்னண்ணே எழுதியிருந்துச்சு? தெனம் பார்த்த தகடு. தெரிஞ்சிருந்தா கைய வச்சிருக்க மாட்டேன்ல."

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். அந்த எழுத்து எனக்கும் படிக்கத் தெரியாது.

தகட்டுக்கு முன்னால் போனை நீட்டியிருந்தால் ஒரு நொடியில் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கும். அவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை. வெற்று அட்டைகளும் ஒரு கையேடும் வாங்கினேன். தகட்டில் இருக்க வேண்டிய எழுத்துகளை முதலில் படித்தேன். அவை அங்கே இருந்துவிட வேண்டும் என்று படித்தேன். விபத்தன்று எந்திரத்தை மூடிய தார்ப்பாயை இன்றுவரை தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது துணியால் தகட்டைத் துடைத்தேன்.

முதல் எழுத்து ஒரே ஒரு படுக்கைக் கோடு. ஒன்று.

இரண்டாவது, நடுவில் கோடு போட்ட பெட்டி. சூரியன். நாள் என்றும் பொருள்.

மூன்றாவது மறுபடியும் ஒன்று.

நான்காவது, பெட்டிக்குள் பெட்டி. சுற்று, தடவை.

மலை முனையில் யாரும் நிற்கவில்லை. கை இல்லை. நிறுத்து இல்லை.

கடைசி இரண்டும் என் கட்டில் கிடையாது. கையேட்டைப் புரட்டினேன். இடப்பக்கம் நூல், வலப்பக்கம் கூரைக்குக் கீழே ஒரு வாய். கொடு. அடுத்தது மூன்று நீர்த்துளிகள், பக்கத்தில் முளைவிட்ட வயல். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

எண்ணெய்.

ஒரு நாள், ஒரு தடவை, எண்ணெய் கொடு.

தகட்டுக்கு நான்கு விரல் கீழே, பித்தளை மூடி போட்ட எண்ணெய்க் கிண்ணம். மூடியைத் திறந்தேன். அடியில் தார்போல இறுகிக் கிடந்தது. இந்த ஏழு மாதத்தில் காய்ந்தது என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அவ்வளவு கெட்டி ஏழு மாதத்தில் வராது.

எண்ணெய் வற்றினால், அச்சை ஓடவிட்டு நிறுத்தும் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் பெடலை மிதிக்காமலே அச்சு இறங்கும். பிரஸ் ஷாப்பில் இது யாருக்கும் தெரியும். எண்ணெய் விடுவது ஆபரேட்டர் வேலையல்ல, ஃபோர்மேன் வேலை. நான் சனிக்கிழமை மட்டும்தான் விட்டேன். சில சனிக்கிழமைகளில் அதுவும் இல்லை.

அந்தத் தகடு விசிலுக்காக எழுதப்பட்டதே இல்லை.

லாரிக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். அறிக்கையைப் புதிதாக எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. மேனேஜர் இரண்டு தடவை படித்தார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

நான் விசிலின் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னான், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டில் இருந்தது, கிண்ணத்தில் இருந்தது, சனிக்கிழமைகள். இருக்கிற கையால் அறைவான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான்.

"இங்க வாயேன். அண்ணன் சொல்றாரு, என் மேல தப்பில்லையாம்."