நிரந்தரக் கடவுச்சொல்

“இதுகூடத் தெரியலன்னா உனக்கு எதுக்குடி கம்ப்யூட்டர் வேலை?”

ஜிபார்குல் எஜே கத்தினார். வயதில் மூத்த பெண்ணை எஜே என்றும் ஆணை பைகே என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். நரின் ஊரில் எங்கள் பனிக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு அவர்தான் தலைவி. திட்டு வாங்கியது பக்கத்து மேஜை மீரிம். வாரம் தவறாமல் விழும் பூசை. எனக்கு எஜேயைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கணவாய் உச்சியில் இருக்கும் கணினியை மீரிம் இங்கிருந்தே இயக்குவாள். ஒவ்வொரு முறையும் அங்கே திரையில் புதிதாக ஆறு எண்கள் வரும். யாராவது படித்துச் சொன்னால்தான் உள்ளே நுழைய முடியும். படித்துச் சொல்பவர் காவலர் டோக்தோசுன். அவருக்கு ஓய்வூதியம் கிடைக்க இந்த ஒரு குளிர்காலம்தான் பாக்கி. நிரந்தரக் கடவுச்சொல் வைத்துவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதை வைக்கத்தான் நான்கு மாதமாக வரவில்லை என்கிறாள் மீரிம்.

மதியம் வழக்கம்போல் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“நாலு... ஒன்பது... இரு மகளே, மேகம் ஜன்னல் வழியா உள்ள வந்துடுச்சு. எண்ணே தெரியல.”

“அவசரமில்ல பைகே.”

“ஏழு... ரெண்டு... வெளிய ஆடுங்க காலே இல்லாம மிதக்குது... பூஜ்யம், அஞ்சு.”

மீரிம் தட்டினாள். மலைக் கணினி எங்கள் திரையில் திறந்தது.

“திரையில அம்பு தானா நகருது! உன் கை வந்துடுச்சு மகளே!” என்று போனில் சிரித்தார் டோக்தோசுன்.

அந்த மேகத்துக்குள் நானும் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை.

சாயங்காலம் தலைநகரிலிருந்து அதிகாரி வந்தார். “ஆறு எண் படிக்க அங்க ஒரு ஆளா?”

“இந்த மக்குக்குக் கடவுச்சொல் வைக்கத் தெரியல. திட்டித் திட்டி என் தொண்டைதான் வறண்டுபோச்சு” என்றார் எஜே, எல்லார் முன்னாலும்.

“சரி, இவ கத்துக்கிற வரைக்கும் அந்த ஆள் இருக்கட்டும்” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

மீரிம் அழுதுகொண்டே எஜேயின் அறைக்குப் போனாள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

“எஜே, நான் சொன்னது பொய். கடவுச்சொல் முதல் நாளே வச்சேன், நல்லா வேலை செஞ்சுது. டோக்தோசுன் பைகேயை நினைச்சு நானே எடுத்துட்டேன்.”

எஜே எழுந்து கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசு. யார், எப்ப, என்ன மாத்தினாங்கங்கிற பதிவு எனக்குத்தானே வருது? முதல் நாளே பார்த்துட்டேன்.”

தேநீர்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“கண்ணைத் துடை. பனி உருகுற வரைக்கும் வாராவாரம் உன்னைத் திட்டியாகணும்.”