இறங்குகிறவர் முதலில்

"ஏம்மா, உங்க வீட்ல பேசினா காசு கேப்பாங்களா?"

தேநீர்க் கடை மிசஸ் ஆக்ராய்டு என்னிடம் ஒருமுறை இப்படிக் கேட்டாள். வேலை கேட்கப் போனவள், கேட்காமலே அவள் முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஆனாலும் வேலை கொடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து. கதவைத் திறந்து வருகிறவர்களிடம் முதல் வார்த்தை நான்தான் பேச வேண்டும். முடியாவிட்டால் செவ்வாய்க்கிழமை வர வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்ல வராமல், அதற்காகவே படிப்பை விட்டவள் நான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என் தோழி தெல்மா என்னை மேட்டுவெளிக்கு இழுத்துப் போனாள். கடவுள் எனக்குத் தர வேண்டிய பேச்சையும் சேர்த்து அவளுக்கே கொடுத்துவிட்டார்.

எங்கள் மேட்டுவெளியில் எதிரே வருகிறவர் யாரானாலும் "அப்புறம்?" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பேச்சும் இருக்காது. நேராக அப்புறம்தான். அவரும் "அப்புறம்" என்பார். அவ்வளவுதான், அவரவர் வழி. இதில் ஒரு முறை உண்டு. இறங்குகிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏறுகிறவருக்கு மூச்சு இருக்காது.

"ஏறும்போது நான் பாத்துக்கறேன். இறங்கும்போது நீ. ஒரே ஒரு ஆளுகிட்ட சொன்னா போதும். சரியாடி ஹெட்டி?"

தலையாட்டினேன்.

"இந்தத் தலையாட்டல் எல்லாம் ஆக்ராய்டு கடையில செல்லாது."

ஏறினோம். ஹெதர்ப் புதர்கள் பூத்து மலை முழுதும் ஊதாவாகக் கிடந்தது. கருஞ்சேறு பூட்ஸைப் பிடித்துப் பிடித்து விட்டது. காலடியிலிருந்து ஒரு காட்டுக்கோழி படபடவென்று எழும்பி, அந்த இனத்தின் வழக்கம்போல 'திரும்பிப் போ, திரும்பிப் போ' என்று கத்திக்கொண்டு பறந்தது.

"நீ போ முதல்ல" என்றாள் தெல்மா அதனிடம்.

இறங்கி வந்தவர்கள் எல்லோரும் அப்புறம் என்றார்கள். தெல்மா எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள்.

உச்சியில் கற்குவியலின் மறைவில் உட்கார்ந்து பழக் கேக்கும் பாலாடைக்கட்டியும் தின்றோம். அவள் தின்றாள். என் தொண்டையில் அந்த ஒரு சொல்தான் உட்கார்ந்திருந்தது.

இறங்கும்போது என்னை முன்னால் தள்ளிவிட்டாள். பாதை ஓராள் அகலம். முன்னால் போகிறவள் பேசித்தான் ஆக வேண்டும்.

பட்டணத்து ஜோடி ஒன்று ஏறி வந்தது. மூச்சை இழுத்து, வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்களே இரைக்க இரைக்க "ஹலோ" என்றுவிட்டார்கள்.

"முறை தெரியாத ஜனங்க" என்று தெல்மா பல்லைக் கடித்தாள். "இது கணக்குல சேராது."

அதற்குப் பின் வந்த பெண்ணிடம் என் உதடு மட்டும் அசைந்தது. அவள் தன் நாயோடு பேசிக்கொண்டே போய்விட்டாள்.

கீழே மேட்டுவெளியின் வேலிக்கதவு தெரிந்துவிட்டது. அதைத் தாண்டினால் சாலை. சாலையில் யாரும் யாரையும் பார்த்துப் பேசுவதில்லை. கதவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

மேட்டுவெளிக்குச் சொந்தக்காரரான எஜமானின் வேட்டைக் காவலர் டின்ஸ்டேல். ஆறடிக்கு மேல். கையில் கொம்புப் பிடி வைத்த நீளத் தடி.

தெல்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இந்த ஆளு வேணாம்டி. எஜமானோட துப்பாக்கியத் தொடைக்கிறதால தானும் எஜமான்னு நெனப்பு. ஊர்ல ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்ததில்ல. தலைக்கனம்."

என்னைப் பற்றியும் ஊரில் அதையேதான் சொல்கிறார்கள்.

அவர் பக்கத்தில் வந்துவிட்டார்.

"அப்புறம்?" என்றேன்.

நான் நினைத்ததைவிடப் பெரிய குரலாக இருந்தது. ஹெதரில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. என் குரல்தான். மேட்டுவெளியில், காற்றுக்கு எதிரே, என்னுடையது. முதுகு தானாக நிமிர்ந்தது.

டின்ஸ்டேல் நின்றுவிட்டார்.

பதில் வரவில்லை.

"பாத்தியா, திமிர" என்று தெல்மா பின்னால் முணுமுணுத்தாள்.

அவள் நின்ற இடத்திலிருந்து அவருடைய தொப்பிதான் தெரிந்திருக்கும். எனக்கு முகம் தெரிந்தது. காது மடல் சிவந்தது. சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. கட்டைவிரல் தடியின் கொம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தாடை ஒருமுறை அசைந்து நின்றது. சொல் வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நின்றது.

அந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே நிற்கிறவருக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியும். இன்றுவரை யாரும் எனக்கு அதைச் செய்ததில்லை.

அவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்தேன். எதிர்மலையில் மேக நிழல் நகர்வதை, அதைப் பார்க்கத்தான் அங்கே நின்றவள் போல, பார்த்துக்கொண்டிருந்தேன். தெல்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைப் பின்னால் நீட்டி அவள் மணிக்கட்டை அழுத்தினேன். அவளை நான் அடக்கியது அதுதான் முதல்முறை.

திங்கட்கிழமை தேநீர்க் கடைக்கு இப்படியும் சிலர் வருவார்கள். வரட்டும். முதல் வார்த்தையை நானே சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

பாதையை விட்டு ஹெதருக்குள் ஒதுங்கி நின்றேன், அவர் ஏறுவதற்கு.

தொப்பியை நோக்கி எழும்பிய அவருடைய கை பாதியில் நின்றது. பிறகு, கஷ்டப்பட்டு, மீதித் தூரமும் போய் அதைத் தொட்டது.

ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவர் மேலே போனார்.