பெல்ட்டைப் பிடுங்கியவன்

மருத்துவமனையில், பழைய நினைவுக்குள் ஆளையே அனுப்பிவைக்கும் நினைவறையில் படுத்தால், இருதயராஜ் நாற்பது வயது உடம்போடு தன் பழைய வீட்டுக்குள் போய் நிற்பான். அங்கே அப்பா, ஏழு வயது இருதயராஜை பெல்ட்டால் விளாசிக்கொண்டிருப்பார். வாராவாரம் அந்த பெல்ட்டைப் பிடுங்கி அவரை வெளுத்துவிட்டு வந்தால்தான் அவனுக்குத் தூக்கம்.

இன்று பக்கிள் பட்டு அப்பாவின் பல் தெறித்தது. "இனி அவன் மேல கை வைப்பியா?" என்று மறுபடியும் ஓங்கினான்.

மூலையிலிருந்து சிறுவன் ஓடிவந்தான். தன்னிடம்தான் வருகிறான் என்று இருதயராஜ் கையை நீட்டினான். அவனோ அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அலறினான்: "எங்கப்பாவ அடிக்காதீங்க மாமா! நான் ஒழுங்கா படிக்கேன்!"

பெல்ட் கீழே விழுந்தது. இத்தனை வாரத்தில் ஒருநாள்கூட அந்தப் பிள்ளையைத் தூக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அள்ளித் தூக்கினான். டவுசர் நனைந்திருந்தது. கனமே இல்லை.