புள்ளிக்கோடு

குலதெய்வக் கோயில் மண்டபத்தில் விரித்திருந்த வம்சாவளிப் படத்தில், வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு நேர்கோடு. எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் புள்ளிக்கோடு. அதுதான் வழக்கம். தங்கள் பெயருக்குக் கீழே கொழுந்தனார் வேலாயுதம் பேனாவை வைத்ததும் வடிவு ஓரடி முன்னே வந்தாள். மகள் செண்பகாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவளோ படத்தின்மேல் குனிந்து நின்றாள்.

“சித்தப்பா, எம் பேர எங்க எழுதுவீங்க?”

“வழக்கத்த மாத்தாத வேலு, புள்ளி வை,” என்றார் பெரிய மாமனார்.

வேலாயுதம் மூன்று புள்ளிகள் வைத்தார்.

“எனக்கு மட்டும் எதுக்குப் புள்ளி?”

வடிவு கண்ணை மூடித் தெய்வத்தை அழைத்தாள்.

“கை நடுங்குதும்மா. கோடு கோணக் கூடாதுல்ல, அதான்,” என்ற வேலாயுதம், அளவுகோலைப் புள்ளிகளின்மேல் பொருத்தினார். அது ஆடியது.

பெரியவரின் கை நீண்டு வந்து, அதன் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டது.