தப்பிய நம்பர்

“ஒரு நம்பரை ஒழுங்காப் படிக்கத் துப்பில்லன்னா உனக்கு எதுக்கும்மா மைக்கு?”

கோகுலகிருஷ்ணன் மேசையில் அடித்த அடியில் டீ கப்பு துள்ளியது. நான்சி அதைப் பிடித்து நிறுத்தினாள்.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு வரும்போதே அவர் ஒரு குறையோடுதான் வந்திருந்தார். “நேத்து மார்க்கெட்டுல வாங்கின சங்கரா மீனு ஒண்ணுலகூட சினை இல்லம்மா. நாலு வாரமா ருசி காட்டிட்டு இப்பிடிப் பண்ணிட்டானுங்க. வூட்ல புள்ளைங்க மூஞ்சத் தூக்கி வச்சிகிட்டு இருக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பச்சமுத்துவின் போன் வந்தது. சினை போன சோகம் அதில் மறந்துபோனது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், பீங்கான் பொம்மைக் கடைக்கு மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். கடலைப் பார்க்காத ஊரிலிருந்து கடலுக்கு வழி சொல்கிறார்கள் என்று கீழே டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். வேறொன்றுமில்லை, இங்கே வாடகை குறைவு.

சாட்டிலைட் கடலின் சூட்டையும் நிறத்தையும் படம் பிடித்து அனுப்பும். ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் பார்த்து, மீன் இருக்கும் இடத்தை இங்கிலீஷில் எழுதி அனுப்புவார்கள். நான்சி அதைத் தமிழில் பேசிப் பதிவு செய்தால், எண்ணூறு படகுக்காரர்களின் போனில் ஒலிக்கும். ஆறு வருஷமாக அவள் குரல்தான். கரையில் அவளுக்கு ‘சாட்டிலைட் அக்கா’ என்றே பெயர். ஆபீஸ் பொறுப்பாளர் கோகுலகிருஷ்ணன் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவாரே தவிர, ஒன்றையும் முழுசாகக் கேட்டவரில்லை.

பச்சமுத்து லேசுப்பட்ட ஆள் இல்லை. விசைப்படகுச் சங்கத்துக்குத் தலைவர். கடல் வளப் பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். போன மாதம்தான் மேடை போட்டு, ‘கடல் காவலர்’ என்று எழுதிய பீங்கான் மீன் ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். திட்டம் பயனுள்ளது என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருஷமும் இந்த ஆபீஸ் நடக்கும்.

“ஆறு படகு சார்!” என்று போனில் கத்தியிருந்தார். “சனிக்கிழமை அறிவிப்புல சொன்ன எடத்துக்குப் போயி, டீசலக் கொட்டி, வெறும் வலைய இழுத்துகிட்டு வந்துருக்குது. அந்தப் பொண்ண வேலைய வுட்டு எடுங்க. இல்ல, என் கையெழுத்த மறந்துடுங்க.”

கோகுலகிருஷ்ணன் சனிக்கிழமைத் தாளைத் தேடி எடுத்து, நம்பரை மட்டும் பார்த்தார். முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்று இருந்தது.

“நீ எவ்ளோன்னு படிச்ச?”

“இருபத்தி மூணு சார்.”

“திருப்பிப் படிச்சிட்டு கல்லாட்டம் நிக்கிறியே!”

“சார், அந்தத் தாள முழுசாப் பாத்தீங்கன்னா...”

“எனக்கே படிக்கச் சொல்லித் தரியா?”

சொல்லிவிட்டாரே ஒழிய, மனசு கேட்கவில்லை. அவள் புருஷன் ஜெரோம் பீங்கான் சூளையில் வேலை பார்த்து, நெஞ்சில் தூசி கட்டி, ரெண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறான். மகள் நர்சிங் படிக்கிறாள். இந்த வேலை போனால் அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

“தலைவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு. நான் பேசிப் பாக்குறேன்” என்று பச்சமுத்துவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“தலைவரே, பொண்ணு தப்ப ஒத்துக்கிச்சு. பதிவப் போடுறேன், நீங்களே கேளுங்க. நம்பரு ஒண்ணுதான் மாறிப்போச்சு.”

நான்சியின் குரல் கணீரென்று ஒலித்தது.

“படகுக்காரங்க கவனத்துக்கு. கரையிலேந்து தென்கிழக்கே இருபத்தி மூணு கிலோமீட்டர்ல சங்கரா மீனுங்க சினையோட கூட்டமா நிக்குது. முட்டை போட்டு முடிக்கிற வரைக்கும், ஒரு வாரத்துக்கு, யாரும் அந்தப் பக்கம் போக வேணாம். வலை போட வேணாம்.”

கோகுலகிருஷ்ணன் தாளை இழுத்து முதல் வரியிலிருந்து படித்தார். போகாதே என்று சொன்ன இடத்துக்கு ஆறு படகு போயிருக்கிறது. போனதோடு நிற்காமல், அங்கே மீன் இல்லை என்று புகாரும் வந்திருக்கிறது!

போனில் பச்சமுத்து தொண்டையைச் செருமினார்.

“அதத்தான் சார் நானும் சொல்றேன். நம்பரத் தப்பாச் சொன்னா, அங்க போகாம இருக்குறது எப்பிடி?”

பிறகு குரலைத் தாழ்த்தி, “கையெழுத்து வேணுமா, அந்தப் பொண்ணு வேணுமான்னு யோசிச்சுக்குங்க” என்று வைத்துவிட்டார்.

கோகுலகிருஷ்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு ஆபீஸ் நடத்த முடியுமா?

“நாளையிலேந்து வர வேணாம்மா” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நான்சி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

“ஆறு வருஷமா உனக்கு ஒரு நம்பரு தப்பினதில்லையேம்மா. இது மட்டும் எப்பிடித் தப்புச்சு?”

அவள் வாசலில் நின்றாள்.

“போன நாலு சனிக்கிழமையும் போக வேணாம்னு எடத்தச் சரியாத்தான் சார் படிச்சேன். நாலு ஞாயித்துக்கிழமையும் நம்மூரு மார்க்கெட்டுல கூடை கூடையா சினை மீனா வந்து எறங்குச்சு. நீங்களும்தான் வாங்கிகிட்டுப் போனீங்க. இந்த சனிக்கிழமைதான் வேணும்னே மாத்திப் படிச்சேன்.”

படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து ஒண்ணுலகூட சினை இல்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”