மண்கட்டில் ஒரு மகிழங்கன்று

"கையை எடும்! இன்னும் என்னத்தைப் பிடுங்கப் போறீர்?"

சிவாஜினி டீச்சர் போட்ட சத்தத்தில் ஏரியின் மிதிபடகில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். புல் வெட்டும் நல்லம்மாள், ஏரித் தண்ணீரைத் தடுத்து நிற்கும் மண்கட்டின் மேல் குனிந்தபடியே நின்றாள். காலடியில் மகிழங்கன்று, வேர்மண் உதிராமல், ஈரச் சாக்கில் சுற்றிக் கிடந்தது.

நேற்றுத்தான் நட்டது. டீச்சரின் கணவர் மயில்வாகனத்தின் ஆண்டுத் திவசம். தினமும் அவர் நடந்த இடம் என்று, குடியிருப்புச் சங்கத்தைக் கூட்டி, பெயர்ப்பலகையோடு நட்டாள்.

"கட்டு மேல மரம் வெக்கக் கூடாது டீச்சர். கீழ வெக்கலாம்னுதான்..."

"அதை உமக்கு ஆர் சொன்னது?"

நல்லம்மாள் கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

"தெரியாம செஞ்சிட்டேன். மன்னிச்சிருங்க."

டீச்சர் மன்னிக்கவில்லை. பூங்காவைப் பராமரிக்கும் கம்பெனிக்குப் படத்தோடு புகார் போனது. கன்று பழைய குழிக்கே திரும்பியது.

மூன்று வாரமாக நல்லம்மாளைக் காணோம். மேற்பார்வையாளர் மகேந்திரனைப் பிடித்து டீச்சர் விசாரித்தாள்.

"நிப்பாட்டியாச்சு டீச்சர். நீங்கதானே லெட்டர் போட்டீங்க."

"கண்டிக்கச் சொல்லித்தானே எழுதினனான்! வேலையால நிப்பாட்டவே சொன்னனான்?"

"ஆபீஸ்ல அதெல்லாம் பாப்பாங்களா? நான் சொல்லிப் பாத்தேன், எடுபடல லா. எட்டு வருசம் வேலை செஞ்ச அக்கா. இப்ப வேலை கேட்டு ஜெலாப்பாங்ல பேக்டரி பேக்டரியா ஏறி இறங்குது."

"அவ செய்தது பிழைதானே, தம்பி?"

மகேந்திரன் தலையைச் சொறிந்தான்.

"மயில்வாகனம் ஐயா சொன்னதத்தான் டீச்சர் செஞ்சிச்சு. ரப்பர் தோட்டம் இருந்த காலத்து மண்கட்டு இது, வேரு உள்ள போனா அந்த வழியாவே தண்ணி கசியும், கட்டே ஒடைஞ்சிரும், கீழ தாமான் குடியிருப்புல இத்தன வீடு இருக்குன்னு தினம் பாடம் எடுப்பாரு. இஞ்சினியராச்சே! 'நானே நட்டாலும் பிடுங்கிப் போடு நல்லம்மா'ம்பாரு."

சாப்பாட்டு மேசையில் அவர் அணைக்கட்டுப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டியது சிவாஜினிக்கு நினைவு வந்தது.

"அண்டைக்கே அவ இதைச் சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். 'புருசன் சொன்னது பொஞ்சாதிக்கே தெரியலன்னு அத்தன பேரு முன்னால எப்படி தம்பி சொல்றது'ன்னுச்சு."

"அவவின்ர நம்பர்?"

"மாத்திருச்சு போல. போகமாட்டேங்குது."

சிவாஜினி கன்றின் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கன்றை எடுத்துவிடும், தம்பி."

மகேந்திரன் மண்வெட்டி எடுக்கப் போனான்.

கட்டின் சரிவில், வெட்டாத புல்லுக்குள், ரப்பர் விதை ஒன்று முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. சிவாஜினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அதை வேரோடு பிடுங்கினாள்.