ஒரு சொட்டும் சிந்தாத டியூப்

"வந்துட்டேன், வழி விடுங்க!" என்று கண்ணாடிப் பாட்டிலிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாகக் குதித்தது. கீழே கட்டிலில் மரியசூசை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

மெத்தென்ற பிளாஸ்டிக் டியூப்புக்கு ஒரே குஷி. வருகிற ஒவ்வொரு சொட்டையும் கட்டிப் பிடித்துக் கொஞ்சிவிட்டுத்தான் கீழே அனுப்பியது.

அவர் கையில் குத்தியிருந்த ஊசி கத்தியது: "டியூப் அண்ணே, சொட்டு வருது, ஆனா அதுல மருந்தைக் காணோமே! இவருக்கு வலி ஏறிக்கிட்டே போகுது!"

"போடா பொடியா! ஒரு சொட்டாவது நான் சிந்தினேனா? பாட்டிலையே கேளு!" என்றது டியூப்.

"சிந்தலதான். மேலேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றது பாட்டில்.

நர்ஸ் ஓடி வந்தாள். "ஐயோ, இந்த மருந்துக்கு இந்த டியூப்பையா மாட்டினாங்க?" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, விறைப்பான வேறொன்றை மாட்டினாள். அது யாரையும் கொஞ்சவில்லை.

"வந்துருச்சு! மருந்து வந்துருச்சு!" என்று ஊசி கூவியது. மரியசூசையின் இறுகிய விரல்கள் மெல்ல விரிந்தன.

குப்பைக் கூடையில் விழுந்த டியூப் பக்கத்திலிருந்த பஞ்சிடம் புலம்பியது: "நீயே சொல்லு, ஒரு சொட்டு சிந்தினேனா நான்?"

"இல்லண்ணே," என்றது பஞ்சு. "ஆனா உங்க உடம்பெல்லாம் ஏன் இப்படி மருந்து வாசம் அடிக்குது?"